மலைநாட்டு ஈரத்தில் தபால்தலை வாழ்த்து அட்டைகள்: குறியைக் கண்டு குறையை நீக்கும் வழிமுறை

பயன்படுத்திய தபால்தலைகளைச் சேர்த்து, ஊறவைத்துப் பிரித்து, வெட்டி ஒட்டி வாழ்த்து அட்டை செய்யும் பொழுதுபோக்குக்குச் சமவெளியில் வழங்கும் செய்முறைகளை நீலகிரியில் அப்படியே பின்பற்ற முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான இடர்ப்பாடுகளைச் சந்திக்கிறார்கள். காகிதம் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதுமாகவே இருக்கும் பொருள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியிலும், 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரிலும், பனிமூட்டம் சாளரத்தின் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும் மாதங்களில், அந்தக் கொடுக்கல் வாங்கல் மிகவும் கூடுதலாக நடக்கிறது. ஆகவே கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை கைத்திறன் போதாமையால் வருபவை அல்ல. எந்த வேலையை எந்த வானிலையில் செய்வது என்பது தெரியாமையால் வருபவை.

மலைக்குள்ளேயே பருவம் ஒன்றாக இல்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கூடலூர், தேவாலா, ஊட்டியின் மேற்குப் பகுதி ஆகியவற்றைத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் நனைக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழையில்தான் மிகுதியாக நனைகின்றன. இரு பக்கத்தாருக்கும் பொதுவாக உலர்ந்த காலம் சனவரி முதல் மார்ச் வரை. ஊறவைப்பது, பிரிப்பது, நிறவாரியாக அடுக்குவது ஆகியவற்றை மழை நாட்களுக்கும், அட்டையில் ஒட்டும் வேலையை உலர்ந்த நாட்களுக்கும் ஒதுக்கிவைத்தால், கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்க வேண்டிய தேவையே எழாது.

உறைத்தாளிலிருந்து தலை பிரிய மறுக்கிறது

முதலில் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் பசை கரைவதற்கு நெடுநேரம் ஆகும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரை அகன்ற தட்டில் ஊற்றி, தலையைச் சுற்றி ஒரு விரல் அளவு உறைத்தாளை விட்டு வெட்டி, படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். வழக்கமான பசை பூசிய தலைகள் 15 முதல் 20 நிமிடங்களில் தாமாகவே வழுக்கிக்கொண்டு வரும். நீரைக் கொதிக்கவைத்து ஊற்றக் கூடாது. மையும் தாளின் மேற்பூச்சும் கெடும்.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால், அது தானே ஒட்டும் ஸ்டிக்கர் வகைத் தலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அமெரிக்காவிலிருந்து அண்மை ஆண்டுகளில் வந்த உறைகளில் உள்ளவை பெரும்பாலும் நீரில் பிரியாதவை. பிரிட்டனின் மறைந்த அரசியார் இரண்டாம் எலிசபெத்தின் உருவம் பொறித்த அன்றாடத் தலைகளில் 2009 முதல் வளைவான வெட்டுக்கீறல்கள் இடப்பட்டன. மீண்டும் பயன்படுத்துவதைத் தடுப்பதற்காகவே அவை இடப்பட்டன என்பதால், இழுத்தால் அந்தக் கீறல் வழியாகத்தான் கிழியும். இவற்றைப் பிரிப்பதற்கு மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்றவற்றைப் பயன்படுத்தச் சிலர் அறிவுறுத்துவதுண்டு. குளிருக்காகச் சாளரங்களை அடைத்து, அடுப்போ ஹீட்டரோ எரியும் மலை வீட்டில் அவற்றை எடுக்கவே கூடாது. அட்டை செய்பவருக்கு அதற்கான தேவையும் இல்லை. உறைத்தாளோடு சேர்த்தே, தலையைச் சுற்றிப் பல்போல் அமைந்த ஓரமான பல்விளிம்பை ஒட்டிக் கூர்மையான கத்தரியால் நறுக்கிவிட்டால் போதும். தாளின் தடிப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். அட்டையின் மேல் அந்தத் தடிப்பு பல நேரங்களில் அழகாகவே அமைகிறது.

ஊறவைத்த நீர் நிறம் மாறிவிட்டது

சிவப்பு, ஊதா, அடர்பச்சை உறைகளில் வந்த வாழ்த்துகளே இதற்கு முதன்மைக் காரணம். உறையின் சாயம் கரைந்து அருகில் மிதக்கும் எல்லாத் தலைகளின் வெள்ளை ஓரங்களிலும் ஏறிவிடும். நிறம் தெரியத் தொடங்கிய உடனேயே தலைகளை இடுக்கியால் எடுத்துத் தூய குளிர்ந்த நீருக்கு மாற்றி, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த பிறகு சாயம் பெரும்பாலும் போகாது. நிற உறைகளையும், ஊதா ரப்பர் முத்திரை குத்தியவற்றையும் முன்கூட்டியே பிரித்துத் தனித்தனித் தட்டில் ஊறவைப்பதே சரியான முறை.

உறை வெள்ளையாக இருந்தும் நீர் நிறம் மாறினால், தலையின் மையே கரைகிறது என்று பொருள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால நாடுகளின் பழைய தலைகள் சிலவற்றில், குறிப்பாகப் பச்சை, ஊதா நிறங்களில், முத்திரையை அழித்து ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக நீர் பட்டால் கலையும் மைகள் வேண்டுமென்றே பயன்படுத்தப்பட்டன. ஐயம் இருந்தால் ஈரப்பஞ்சின் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தத் தலையை நீரில் இடாமல் ஈரப்பெட்டியில் பிரிக்க வேண்டும். மூடியுள்ள டிபன் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பான்ஜை வைத்து, அதன்மேல் கம்பி வலையோ துளையிட்ட தட்டோ வைத்து, தலை ஸ்பான்ஜைத் தொடாதவாறு பரப்பி ஓர் இரவு மூடிவைத்தால், பசை இளகித் தலை தனியே வரும்.

பிரித்த தலையை வெட்டலாமா என்று தயக்கம் வருகிறது

இதைக் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் கத்தரி பட்ட பிறகு எந்த வழிமுறையும் உதவாது என்பதால் இங்கே வைக்கிறேன். எஸ்டேட் பங்களாக்களின் பழைய கோப்புகளிலிருந்தும், குன்னூரை அடுத்த இராணுவக் குடியிருப்பான வெலிங்டன் பக்கம் பணியாற்றியவர்களின் குடும்பப் பெட்டிகளிலிருந்தும் கிடைக்கும் உறைகளில் சில, தலையைவிட உறையாகவே மதிப்புடையவை. உதகமண்டலம், குன்னூர் அஞ்சலகங்களின் பழைய முத்திரைகள் தெளிவாக விழுந்திருக்கும் உறையை நீரில் இடாமல் முழுமையாக எடுத்துவையுங்கள். ஆட்சியாளர் உருவம் பொறித்த பிரிட்டிஷ் இந்தியத் தலைகள், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானத் தலைகள், 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு காந்தி தலைகள், 2011-இல் கதர்த் துணியில் அச்சான காந்தி தலை ஆகியவற்றை, தலை சேகரிப்பில் பழக்கமுள்ள ஒருவருக்குக் காட்டாமல் வெட்டக் கூடாது.

அட்டைக்கு வேண்டியவை ஒரே படம் ஆயிரக்கணக்கில் புழங்கும் சிறிய அன்றாடத் தலைகளே. இவற்றில்கூட, தலைவர்களின் முகத்தைக் குறுக்கே வெட்டுவதைத் தவிர்த்து, ஓரங்களையும் பின்னணி நிறத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வது முறை என்று நான் கருதுகிறேன். அட்டையைப் பெறும் மூத்தவர்களுக்கு அந்த முகங்கள் வெறும் நிறத்துண்டுகள் அல்ல.

காய்ந்த தலைகள் அப்பளம்போல் சுருண்டுகொள்கின்றன, அல்லது தாளோடு ஒட்டிக்கொள்கின்றன

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பின்பக்கப் பசை முழுமையாக நீங்கவில்லை. விரல் நுனியால் பின்புறத்தை வருடிப் பார்த்தால் வழுவழுப்பு தெரியும். மீண்டும் ஐந்து நிமிடம் புதுநீரில் இட்டு, மென்மையான தூரிகையால் பின்பக்கத்தை மட்டும் தடவிவிடுங்கள். முன்பக்கத்தை ஈரமாக இருக்கும்போது தேய்க்கவே கூடாது.

பிறகு வெள்ளைப் பருத்தித் துண்டின்மேலோ மை ஒற்றும் தாளின்மேலோ படம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஈரத்தில் தலைக்கு ஏறும். முக்கால் பங்கு காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துத் தடித்த புத்தகத்தின் அடியில் அழுத்த வேண்டும். முழுவதும் காய்ந்த பிறகு அழுத்தினால் சுருள் நிமிராது.

மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகியும் தலைகள் ஈரமாகவே இருந்தால், ஒற்றுத்தாளைக் காலையும் மாலையும் மாற்றுவதுதான் பயன் தரும்; எடையைக் கூட்டுவது தராது. வெயிலில் காயவைப்பதையும் தவிர்க்கலாம். மலையில் குளிர் இருப்பதால் வெயில் மென்மையானது என்று தோன்றினாலும், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் கடுமையும் கூடுகிறது. சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கும். விறகு எரியும் கணப்பின் மாடத்தில் வைத்தால் புகைப்படலம் படியும். குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் வரும் இளஞ்சூடு போதுமானது. இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் மணமூட்டிய தலைகளுக்கு அது ஆகாது. 2006-இல் வந்த சந்தனத் தலை, 2007-இல் வந்த ரோஜாத் தலை, 2017-இல் வந்த காப்பித் தலை ஆகியவற்றின் மணம் சூட்டிலும் நீரிலும் போய்விடும் என்பதால், அவற்றை உறைத்தாளோடு நறுக்கி எடுப்பதே நல்லது.

அட்டை வளைந்துவிடுகிறது

என்னிடம் வந்து கேட்பவர்களில் மிகப் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நீர் கலந்த பசை பட்டவுடன் தபால்தலை விரிகிறது. விரிந்த நிலையிலேயே அட்டையில் ஒட்டிக்கொண்டு, காயும்போது சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது அட்டையையும் தன்னோடு இழுக்கிறது. எனவே தலைகள் ஒட்டிய பக்கம் உட்குழிந்து அட்டை வளைகிறது. ஒன்றிரண்டு தலைகள் ஒட்டிய அட்டையில் இது தெரியாது. முகப்பு முழுவதும் நிரப்பினால் கட்டாயம் தெரியும்.

அட்டைக்குள்ளே இழைகள் ஓடும் திசையை அடுத்துக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் கிடக்கின்றன. ஈரம் பட்டால் இழையின் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கிலேயே தாள் மிகுதியாக விரியும். அட்டையை மெதுவாக இரு வாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும் வாக்கில் மடிப்பு வருமாறு, அதாவது இழை மடிப்புக்கோட்டுக்கு இணையாக ஓடுமாறு, அட்டையை வெட்ட வேண்டும். மடிப்பு வெடித்து நார் தெரிகிறது என்று வருந்துபவர்களுக்கும் விடை இதுவே. இழைக்குக் குறுக்கே மடித்தால்தான் அப்படி வெடிக்கிறது.

தடுக்கும் முறைகள் சில உள்ளன. 250 ஜி.எஸ்.எம்.-க்கு, அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடைக்குக் குறையாத அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள். நீர் குறைவாக உள்ள குச்சிப்பசை சிறிய தலைகளுக்குப் போதும். முகப்பு முழுவதையும் நிரப்புவதாக இருந்தால், தலைகளை நேராக அட்டையில் ஒட்டாமல் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, அழுத்திக் காயவைத்து, அந்தத் தாளை வடிவத்துக்கு நறுக்கிப் பிறகு அட்டையில் பொருத்துங்கள். அப்போதும் இழுப்பு இருந்தால், முகப்பின் உட்பக்கத்தில் அதே அளவு தாளை அதே பசையால், இழை அதே போக்கில் ஓடுமாறு ஒட்டிவிட்டால் இருபுற இழுப்பும் சமப்படும். புத்தகக் கட்டுநர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை இது. வாழ்த்து எழுதுவதற்கும் அந்த உட்தாளே பயன்படுகிறது என்பதால் நான் எல்லா அட்டைகளிலும் இதை விரும்பிச் செய்கிறேன்.

ஒட்டி முடித்தபின் பட்டர் பேப்பரை மேலும் கீழும் வைத்து, சமதளப் பலகைக்கடியில் எடை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு மூன்று நாள் ஆகும். எடுத்துத் தொட்டுப் பார்க்கும்போது அட்டை குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. திரும்ப வைத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே வளைந்துவிட்ட அட்டையை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்த முயன்றால் முகப்பில் கோடு விழும். மாறாக, மேலே சொன்ன ஈரப்பெட்டியில் கால் மணி நேரம் வைத்து, அல்லது பனிமூட்டமான காலையில் திறந்த சாளரத்தருகே சற்று நேரம் வைத்து இளகச் செய்து, உடனே ஒற்றுத்தாள்களுக்கு நடுவே எடையின் கீழ் வையுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

இங்கே தட்டையாக இருந்த அட்டை கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போய்ச் சேர்ந்தபின் வளைந்ததாகச் செய்தி வந்தால், அது மழை நாளில் ஈரம் உண்ட நிலையில் ஒட்டப்பட்ட அட்டை என்று அறியலாம். கீழே உள்ள உலர்ந்த காற்றில் அது சுருங்குகிறது. இதற்கு இருபுறத் தாளும், உலர்ந்த நாளில் ஒட்டுவதும் தவிர வேறு மருந்து இல்லை.

தலையின் ஓரம் எழும்புகிறது

பல்விளிம்பின் நுனிவரை பசை எட்டவில்லை. வேண்டாத தாளின்மேல் தலையைக் கவிழ்த்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, விளிம்பைத் தாண்டி ஓடுமாறு தூரிகையை இழுங்கள். எழும்பிய ஓரத்துக்குப் பல்குத்தும் குச்சியின் முனையில் எடுத்த பசையே போதும். வழவழப்பான ஆர்ட் அட்டையில் எழும்பினால் அட்டையை மாற்றுங்கள். பல்விளிம்பின் வழியே பிதுங்கிய வெள்ளைப் பசையை ஈரத்துணியால் அப்போதே ஒற்றி எடுக்காவிட்டால், காய்ந்தபின் அது பளபளவென்று தெரியும்.

அட்டையின் நிறம் தலையின் ஊடாகத் தெரிந்தால், தலையின் பின்புறம் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி, பல்விளிம்புக்குச் சற்று உள்ளே நறுக்கிக்கொள்ள வேண்டும்.

பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சை மணமும்

இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். சாம்பல் அல்லது பச்சைத் தூள் போன்ற படலம் உயிருள்ள பூஞ்சை; அது மற்றவற்றுக்கும் பரவும். அத்தகைய தலைகளை உடனே தனியே எடுத்து, உலர்ந்த நாளில் வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, மென்தூரிகையால் நீக்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் தலைகளைக் கழித்துவிடுவதே நல்லது. தாளுக்குள்ளேயே ஊறிய துருநிறப் புள்ளிகள் பழைய பாதிப்பின் தழும்புகள். அவற்றை வெளுக்கும் திரவத்தால் போக்க முயன்றால் மையும் தாளும் சேர்ந்து நைந்துவிடும். மண், மரப்பட்டை, சருகு போன்றவற்றைக் காட்டும் இடங்களில் இந்தப் பழுப்புத் தலைகளை ஒட்டினால் இயல்பாகப் பொருந்தும்.

தடுப்பது சேமிக்கும் முறையில் இருக்கிறது. நெகிழிப் பைகளில் இறுக மூடிவைப்பதே பலரும் செய்வது. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் அதுவே பூஞ்சைக்கு இடமாகிறது. தாள் உறைகளில் நிறவாரியாக இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத மர அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நிறம் மாறும் வகையானால் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மைதாப் பசை பூச்சிகளையும் பூஞ்சையையும் அழைக்கும். அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது சுவரொட்டி ஒட்டுபவர்களின் வழக்கம். அது நச்சு என்பதால், குழந்தைகள் கைபடும் வாழ்த்து அட்டைக்கு ஏற்றதல்ல.

படம் தெளிவில்லாமல் கலவையாகத் தெரிகிறது

அரைக்கண் மூடி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வடிவம் தெரியவில்லையென்றால் ஒளியும் நிழலும் பிரியவில்லை. தலைகளை நாடு வாரியாகவோ பொருள் வாரியாகவோ அடுக்குவதை விட்டு, நிறவாரியாக, அதிலும் வெளிர் முதல் அடர்வரை அடுக்கிக்கொண்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். தேயிலைச் சரிவுக்கு மூன்று பச்சைகள் போதும். தொலைவில் உள்ள மலைகளுக்கு வெளிர்நீலம். அஞ்சல் முத்திரையின் கருங்கோடுகள் விழுந்த துண்டுகளைச் சரிவின் நிழல் பக்கத்தில் வைத்தால் செடி வரிசைகளாகவே தோன்றும்.

மலை ரயில், குறிஞ்சி போன்ற நம் ஊர்ப் பொருள்களைத் துண்டுகளால் உருவாக்கும்போது, அந்தப் பொருளையே படமாகக் கொண்ட தலை கிடைத்தால் அதை வெட்டாமல் முழுதாக நடுவில் வையுங்கள். 1993-இல் வெளியான மலை ரயில் எஞ்சின் தலைகளில் நீலகிரி ரயிலும் உண்டு. 2006-ஆம் ஆண்டுப் பூப்பின்போது குறிஞ்சிக்கும் ஒரு தலை வந்தது. அதைச் சுற்றி ஊதாத் துண்டுகளால் சரிவு அமைத்தால், வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது.

கை சோர்ந்து, வேலை சுமையாகத் தோன்றுகிறது

ஒரே அமர்வில் அட்டையை முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தால் வருவது இது. குளிரில் விரல் விறைத்திருக்கும்போது கத்தரி வேலை செய்யாதீர்கள்; வெந்நீர்த் தட்டில் தலைகளைப் பிரிக்கும் வேலை அந்நேரத்துக்கு ஏற்றது, கையும் சூடேறும். மூட்டம் கவிந்த பிற்பகலில் வெளிச்சம் குறைந்தால் நிறங்களைத் தேர்வு செய்ய வேண்டாம்; விளக்கொளியில் நீலமும் பச்சையும் மயங்கும்.

அஞ்சலில் அனுப்பிய அட்டை சிக்கலுக்கு உள்ளாகிறது

பெறுபவரிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டால் எடை கூடியிருக்கிறது. தடித்த அட்டையும் உட்தாளும் ஒட்டிய தலைகளும் சேர்ந்தால் 20 கிராம் எளிதில் தாண்டிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்து, அஞ்சலகத்தில் கேட்டு அதற்கேற்ற தலையை ஒட்டுங்கள். உறையின் முன்பக்கத்தில் பழைய தலைகளால் அலங்காரம் செய்யக் கூடாது. முத்திரையை அழித்துப் பழைய தலையை மீண்டும் கட்டணமாகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தில் செய்த அலங்காரமும் அஞ்சல் ஊழியருக்கு ஐயத்தை உண்டாக்கும். அலங்காரம் உள்ளே உள்ள அட்டையோடு நிற்கட்டும். மழை மாதங்களில் அட்டையை மெல்லிய பட்டர் பேப்பரில் சுற்றி உறையில் இட்டு, முகவரியை நீரில் கலையாத பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, தெருவோர அஞ்சல் பெட்டியில் இடாமல் அஞ்சலகத்தில் நேரிலேயே கொடுத்துவிடுங்கள்.